இருளப்பசாமி அறுத்த நாலு பெல்ட்டு

இருளப்பசாமியின் இடது கண்ணைப் பறித்தது புளோயர் பெல்ட்டு என்று எங்கள் மில்லில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போன ரிப்போர்ட்டிலும் அப்படித்தான். அத்தனையும் பொய். அந்தக் கண் எப்படிப் போனது என்று அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூன்றாவதாக உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நடுவில் நிறுத்தி நியாயம் பேசாதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

நான் அலெக்ஸ். ஊர் மம்சாபுரம். ஐ.டி.ஐ. படித்த எலக்ட்ரீஷியன். ராஜபாளையத்தில் இந்த நூல் மில்லுக்கு வருவதற்கு முன்பே இரண்டு மில்லைப் பார்த்துவிட்டு வந்தவன். இருளப்பசாமி தேவதானத்துக்காரன். என் வயசுதான் இருக்கும். எட்டாங்கிளாஸோடு சரி. எங்கள் மில்லில் ஏசி பிளாண்டுக்கு அவன்தான் ஃபிட்டர்.

ஏசி என்றதும் ஆளுக்குக் குளிர்ச்சி காட்டுகிற ஏசி என்று நினைத்துவிடாதீர்கள். எங்களை யார் குளிர வைக்கப் போகிறார்கள்? அது நூலுக்கு. காற்றில் ஈரம் குறைந்தால் ஓடுகிற நூல் படபடவென்று அறுந்துவிடும். அதனால் ஆள் உயர புளோயர் ஒன்று தண்ணீர்ச் சாரல் வழியாகக் காற்றை இழுத்து உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். அதைச் சுற்றுகிற மோட்டார் கீழே தரையில். இரண்டின் புல்லிச் சக்கரங்களுக்கும் நடுவே ஐந்து பெல்ட்டு பக்கத்தில் பக்கத்தில் ஓடும். அவற்றை மூடியிருக்கிற இரும்புவலைக் கூட்டைக் கார்டு என்போம்.

நான் சேர்ந்த மூன்றாம் நாளே இருளப்பசாமி என்னை அடித்தான். மோட்டார் நின்றிருந்தது. பெல்ட்டு புல்லியில் ஒழுங்காக உட்காருகிறதா என்று பார்க்க அவன் புளோயரைக் கையால் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தான். நானும் வேலை தெரிந்தவன் என்று காட்ட வேண்டாமா? ஓடிவருகிற பெல்ட்டின் ஓரத்தைப் பிடித்து அமுக்கினேன். என் விரல் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே போகப்போன நேரம் அவன் ஸ்பானர் என் மணிக்கட்டில் இறங்கியது. உயிர் போகிற வலி. என் கை மட்டும் சும்மா இருக்குமா? நான் விட்ட குத்தில் அவன் முன்பல் ஒன்று தெறித்து விழுந்தது.

அவன் குனிந்து பல்லைத் தேடி எடுத்தான். கால்சட்டையில் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"பல்லு போனா கட்டிக்கிடலாம்லே. வெரலு போனா எவன் ஒட்டித் தருவான்?" என்றான், வாயெல்லாம் ரத்தத்தோடு.

பல்லை அவன் இன்றுவரை கட்டிக்கொள்ளவில்லை. அந்த ஓட்டையோடுதான் பதினோரு வருஷம் என்னைப் பார்த்து இளித்தான், ஏசினான், அடித்தான்.

பொல்லாத ஆள். கையாலேயே பேசுவான். கார்டைக் கழற்றிவிட்டு மாட்டாமல் போனவனுக்கு முதுகில் உதை. புளோயர் ஓடும்போது துண்டு தொங்கவிட்டுக்கொண்டு ரூமுக்குள் வந்தவனுக்கு அறை, அந்தத் துண்டும் கிழியும். பெல்ட்டில் கை வைப்பதற்கு முன்னால் பேனலில் இருந்து மூன்று பியூஸ் கட்டையையும் பிடுங்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். அவன் பை காலியாகாமல் மோட்டார் ஓடாது. மில்லே தீப்பிடித்தாலும் ஓடாது. ஒரு தடவை நான் அவசரத்துக்கு அந்தப் பைக்குள் கையை விட்டேன். இரண்டு பேரும் சாரல் தொட்டிக்குள் விழுந்து புரண்டு, நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். என் உதட்டில் இன்னும் தழும்பு இருக்கிறது.

ஆனால் வேலை? அதைச் சொல்லாமல் இருந்தால் என் நாக்கு அழுகிப்போகும். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலை வைத்து ஓர் அமுக்கு. ஒரு விரக்கடை இறங்கினால் சரி. கூட இறங்கினால் வழுக்கும், கத்தும், கருகும். இறங்காவிட்டால் பேரிங்கைத் தின்றுவிடும். இரண்டு புல்லியும் நேராக இருக்கிறதா என்று பார்க்க எங்கள் மில் நூலையே எடுத்து மேலிருந்து கீழே இழுத்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான். மயிரிழை விலகியிருந்தாலும் விடமாட்டான்.

இன்னொரு பழக்கம் உண்டு. அதனால்தான் எல்லா வினையும். ஐந்து பெல்ட்டில் ஒன்று அறுந்தால் ஐந்தையும் மாற்றுவான். மிச்சம் நாலும் நன்றாக இருந்தாலும் சரி, நிற்கிற இடத்திலேயே கத்தியை எடுத்து அந்த நாலையும் அறுத்துப் போட்டுவிடுவான். அறுக்காமல் வைத்தால் எவனாவது ஒரு புது பெல்ட்டை மட்டும் சேர்த்து மாட்டி ஓட்டச் சொல்வான் என்று அவனுக்குப் பயம்.

"கெழட்டு மாடு நாலோட ஒரு எளங்காளையப் பூட்டுனா, பாரம் பூரா காளை கழுத்துலதாம்லே விழும்" என்பான். பழைய பெல்ட்டு நாலும் ஓடி ஓடி நீண்டிருக்கும். புதுசு ஒன்றுதான் இழுக்கும். கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு அது அறும். அறுந்தது மற்றதில் சிக்கும். பிறகு என்ன வரும், எந்தப் பக்கம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அவன் தம்பி சிவபாண்டி வேறோர் ஊரில், வேறொரு மில்லில் அப்படித்தான் செத்தான். ஒற்றைப் பெல்ட்டு மாட்டிய மறுநாள். அறுந்த பெல்ட்டு கழுத்தில் அடித்தது. தூக்குவதற்குள் முடிந்துவிட்டது. இருளப்பசாமி இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். சொல்லி முடித்ததும் பக்கத்தில் கிடந்த பழைய புல்லியைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். நான் ஆறுதல் சொல்லியிருந்தால் அடுத்த புல்லி என் மேல் வந்திருக்கும்.

போன சித்திரைக்கு முந்தின சித்திரை. பதினோரு மணிக்கே கூரைத் தகரம் கொதித்தது. புளோயர் ரூமில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் மூன்றாவது பெல்ட்டு அறுந்து கிடந்தது. இருளப்பசாமி மோட்டாரை நிறுத்தி, பியூஸ் கட்டைகளைப் பையில் போட்டு, கார்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஸ்டோரில் கேட்டால் ஒரே ஒரு புது பெல்ட்டுதான் இருந்தது. முழு செட்டு மதுரையிலிருந்து சாயங்காலம்தான் வரும் என்றார்கள்.

அதற்குள் உள்ளே நூல் அறுபட ஆரம்பித்துவிட்டது. ஸ்பின்னிங் மாஸ்டர் நவநீதகிருஷ்ணன் ஓடிவந்தார். மில்லில் மாஸ்டர் என்றால் நூல் ஓடுவதற்கும் நிற்பதற்கும் பதில் சொல்ல வேண்டியவர். நல்ல மனுஷன்தான், சூடு ஏறாதவரைக்கும்.

"இருளப்பா, அந்த ஒண்ணைப் போட்டு ஓட்டு. சாயங்காலம் செட்டு வந்ததும் மாத்திக்கலாம்."

"அஞ்சும் வரட்டும் மாஸ்டர்."

"உள்ள வந்து பாரு. ஒரு மிஷின் ஒழுங்கா ஓடல. உன் புத்தியக் கேக்கல, மாட்டுன்னேன்."

இருளப்பசாமி இடுப்பிலிருந்து கத்தியை உருவினான். மாஸ்டர் ஓரடி பின்னால் போய்விட்டார். அவன் பெல்ட்டுப் பக்கம் திரும்பி முதல் பெல்ட்டை அறுத்தான். இரண்டாவது. நாலாவது. ஐந்தாவது. நிதானமாக, கோழி கழுத்தை அறுக்கிறவன் மாதிரி.

"ஒரேய்!" என்றார் மாஸ்டர். கோபம் வந்தால் அவருக்கு வீட்டுத் தெலுங்கு தலைகாட்டும். பாய்ந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். பிடிக்கலாமா? இவனை யாராவது சட்டையைப் பிடிக்கலாமா? இருளப்பசாமி நெற்றியால் ஒரு முட்டு முட்டினான். மாஸ்டரின் மூக்கு உடைந்து வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். வாட்ச்மேன்கள் இரண்டு பேர் வந்து கையை முறுக்கி, வயிற்றில் குத்தி, தரதரவென்று கேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். போகும்போதும் இருளப்பசாமி அவர்களில் ஒருத்தன் காதைக் கடித்துக்கொண்டேதான் போனான்.

நான் என்ன செய்தேன்? வேடிக்கை பார்த்தேன். உள்ளுக்குள் ஒரு குளுமை கூட இருந்தது. பதினோரு வருஷ அடிக்கு வேறு யாரோ திருப்பிக் கொடுக்கிறார்கள் என்ற குளுமை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

மாஸ்டர் மூக்கில் கர்சீப்பை அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "அலெக்ஸ், நீ ஐ.டி.ஐ. படிச்சவன்தான? உனக்கு இது தெரியாதா?"

அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். எனக்கு இரண்டும் இருந்தது, ஆத்திரமும் வீம்பும். போன தடவை இருளப்பசாமி லீவில் இருந்த நாளில் வேறு ஆட்கள் மாற்றிய பழைய பெல்ட்டு நாலு, அறுபடாமல் கழிவு மூலையில் கிடந்தது. அவற்றைத் தட்டித் துடைத்து எடுத்து வந்தேன். புதுசு ஒன்றையும் சேர்த்து மாட்டினேன். மோட்டாரை இழுத்துப் போல்ட்டை முறுக்கினேன். பியூஸ் கட்டை மூன்றும் இருளப்பசாமியின் பையில் கேட்டில் இருந்தது. எலக்ட்ரீஷியனுக்கு அது ஒரு பிரச்சினையா? செப்புக் கம்பியை வளைத்து மூன்று இடத்திலும் வைத்துக் கட்டினேன். கார்டை மாட்டவில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று சுவரோரம் சாத்தி வைத்தேன். மாஸ்டர் மூக்கைக் கழுவப் போய்விட்டார்.

சுவிட்சைப் போட்டேன். புளோயர் ஓடியது.

இப்போது கேட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே இருளப்பசாமியை ஸ்டூலில் உட்கார வைத்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பியூஸ் தன் பையில் இருக்கிறது, யாரும் ஓட்ட முடியாது என்று அவன் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறான். அப்போது அவன் காதில் புளோயர் சத்தம் விழுகிறது. கூடவே பெல்ட்டு வழுக்கிக் கத்துகிற சத்தம். ஒருத்தனை ஸ்டூலால் அடித்துத் தள்ளிவிட்டு ஓடிவந்திருக்கிறான். இதை எனக்குப் பிறகு வாட்ச்மேன்தான் சொன்னான், தலையில் கட்டோடு.

எனக்கு இது எதுவும் தெரியாது. பழைய பெல்ட்டு நாலும் தொளதொளவென்று ஆட, புதுசு மட்டும் விறைத்து ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட்டு வழுக்கினால் தூவுவதற்குப் பிசின் தூள் வைத்திருப்போம். இடது கையில் அதை அள்ளிக்கொண்டு, வலது கையில் ஸ்பானரோடு, முகத்தைப் பெல்ட்டுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்க் குனிந்தேன்.

பின்னாலிருந்து யாரோ என் காலரைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்த இழுப்பில் மல்லாக்க விழுந்தேன். மண்டை தரையில் மோதியது. கண்ணைத் திறந்தால் இருளப்பசாமி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, வாயில் யாருடைய ரத்தமோ வழிய, என் மேல் உட்கார்ந்திருக்கிறான். கத்துகிறான். புளோயர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கொல்லத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். வேறு எதை நினைப்பேன்? பதினோரு வருஷமாக அவன் கையிலிருந்து எனக்கு அடியைத் தவிர வேறென்ன வந்தது?

ஸ்பானர் கையில் இருந்தது. வீசினேன். முழுப் பலத்தோடு வீசினேன். இடது கண்ணில் விழுந்தது. பழுத்த தக்காளியை மிதித்தால் ஒரு மெத்து வருமே, அது கைப்பிடி வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. இன்றைக்கும் வருகிறது.

அவன் கண்ணைப் பொத்தவில்லை. என் தலையை இரண்டு கையாலும் தரையோடு அமுக்கிக்கொண்டு மேலே கவிழ்ந்தான். அந்த நொடியில்தான் பெல்ட்டு அறுந்தது. அறுந்தது மற்ற நாலிலும் சிக்கி, ஐந்தும் சேர்ந்து கொத்தாகப் பிய்த்துக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே போய் எதிர்ச்சுவரில் அடித்தது. சிமெண்டுப் பூச்சு உடைந்து எங்கள் மேல் கொட்டியது. பிறகு மோட்டார் மட்டும் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

ஆட்கள் ஓடிவந்தார்கள். எழுந்து நின்று சுவரைப் பார்த்தேன். கறுப்பாக ஒரு குழி. நான் குனிந்து நின்றபோது என் முகம் இருந்த உயரம். கீழே இருளப்பசாமி ரத்தத்தில் கிடந்தான். சுற்றிலும் பெல்ட்டுத் துண்டுகள். பார்த்த எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "பெல்ட்டு அடிச்சிருச்சு." நான் வாயைத் திறக்கவில்லை. ஸ்பானரைத் துடைத்துப் பையில் போட்டேன். என்னைப் போல ஈனப்பிறவி உண்டா சொல்லுங்கள்.

மதுரை ஆஸ்பத்திரியில் கண்ணை எடுத்துவிட்டார்கள். நாலாம் நாள் போனேன். அவன் மனைவி முனீஸ்வரி கட்டிலோரம் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதாள்.

"ஏண்ணே, நீங்க பக்கத்துலதான நின்னீக. கொஞ்சம் அவியள இழுத்து விட்டிருக்கக் கூடாதா?"

செருப்பால் அடித்திருந்தால் தேவலை. அவள் தண்ணீர் பிடிக்கப் போனதும் கட்டிலில் கைவைத்தேன்.

"இருளா, நான் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிப்புடுதேன். ஸ்பானர்தான்னு சொல்லிப்புடுதேன்."

ஊசி குத்திய கையாலேயே என் கழுத்துச் சட்டையைப் பிடித்தான். அந்த நிலைமையிலும் என்ன பலம்!

"வாய மூடுலே. பெல்ட்டுன்னு நான் எழுதிக் குடுத்தாச்சு."

"ஏம்லே?"

"ஸ்பானர்னு சொன்னா என்ன ஆகும்? ரெண்டு பய சண்ட போட்டான், ஒருத்தனுக்குக் கண்ணு போச்சும்பான். உன்னைய போலீஸு கொண்டு போகும். அம்புட்டுத்தான், கத முடிஞ்சுது. புளோயரப் பத்தி எவன் கேப்பான்? பொறவு மறுபடியும் ஒத்தப் பெல்ட்ட மாட்டுவானுவ. பெல்ட்டு அடிச்சதுன்னாத்தாம்லே இன்ஸ்பெக்டரு அந்த ரூமுக்குள்ள காலு வைப்பான்."

"அப்ப எனக்காகச் சொல்லலையா?"

"உனக்கா?" தலையைத் திருப்பித் துப்பினான். "எந்திரிச்சு வந்து உன்னைய மிதிக்கேனா இல்லையான்னு பாரு."

அவன் சொன்னபடியே நடந்தது. இன்ஸ்பெக்டர் வந்தார், சுவர்க் குழியை அளந்தார், என் செப்புக் கம்பியைப் பார்த்தார், கிழித்துத் தோரணம் கட்டினார். மாஸ்டரைத் தூக்கி வேறு யூனிட்டில் போட்டார்கள். எனக்கு மூன்று மாதம் சஸ்பென்ஷன். கார்டு மூடாமல் சுவிட்சைப் போட்டால் ஓடாதபடி மோட்டாருக்கு வயர் இழுத்தார்கள். ஸ்டோரில் எப்போதும் இரண்டு செட்டு பெல்ட்டு இருக்க வேண்டும் என்று போர்டு எழுதி வைத்தார்கள். மாஸ்டரை முட்டிய விஷயத்தை யாரும் வாயில் எடுக்கவில்லை.

சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலிட்டுச் சொன்னேன்; அங்கே சொன்னது வெளியே போகாது, அதனால் சாமியாரைக் கணக்கில் சேர்க்கவில்லை. போய் அவனிடம் மன்னிப்புக் கேள் என்றார் சாமியார். கேட்டேன் சாமி, காறித் துப்பிவிட்டான் என்றேன். மறுபடியும் கேள் என்றார். எத்தனை தடவைதான் துப்பு வாங்குவது?

இருளப்பசாமி ஆடி மாதம் வேலைக்குத் திரும்பினான். கறுப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள், போடமாட்டேன் என்றுவிட்டான். வந்த வாரத்திலேயே அதே புளோயரில் ஒரு பெல்ட்டு அறுந்தது. அவன் ரூமுக்கு வந்து சேருவதற்குள் மூன்று பியூஸ் கட்டையும் என் பையில் இருந்தது. நல்ல பெல்ட்டு நாலும் அறுபட்டுத் தரையில் கிடந்தது. அவன் குனிந்து துண்டுகளை எண்ணினான். என் கால்சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தான். அடிப்பான் என்று நின்றேன். அடிக்கவில்லை.

ஐந்தும் புதுசாக மாட்டினோம். நேர் பார்ப்பதற்கு நூலை எடுத்தான். மேல் நுனி அவன் கையில், கீழ் நுனி என் கையில். நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். இந்தக் கண்ணோடு எப்படிப் பார்க்கப் போகிறான் என்று ஒருத்தன் முணுமுணுத்தது அவன் காதில் விழுந்துவிட்டது.

"ஏலே, நீங்கல்லாம் ஒரு கண்ண மூடித்தான நேரு பாக்கீக?" என்றான் பல் ஓட்டை தெரியச் சிரித்து. "எனக்கு மூடுத வேல மிச்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் அந்த ஒற்றைக் கண்ணால் நூல் வழியாக மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் என் முகத்தில் வந்து நின்றான். என்னை அறியாமல் நுனியை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். நூல் அறுந்துவிட்டது.

"வேற நூலு எடுலே" என்றான். எடுத்தேன்.